கூப்பிடு தூரம்

முதல் நாள்: கிளாம்பாக்கம்

மதுரையில் ராத்திரி ஏறிய பஸ் விடிகாலை ஐந்தரைக்குக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னைக்கு வந்தால் பிராட்வேயில்தான் இறங்குவேன். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் தெரியும், கடல்காற்று அடிக்கும். 2002-இல் வெளியூர் பஸ்களைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தைத் திறந்தார்கள். "மெட்ராஸ் வந்தாச்சு, எறங்குங்க" என்று கண்டக்டர் குரல் கொடுக்கும் இடம், என் ஒரு ஆயுசுக்குள் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்துவிட்டது.

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செயின் பிடித்து, கல் நட்டு, நில எல்லைகளைக் காட்டும் புலப்படம் வரைந்தே காலம் போனது. மகள் வீட்டில் ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்தேன். வந்த இடத்தில் இந்த ஊரின் தெருக்களைப் பழையதிலிருந்து புதியது வரை நடந்து பார்க்க ஆசை. தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோ வைத்து வந்து சேர்ந்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டி மேற்கே உள்ளடங்கிய ஒரு குடியிருப்பு. ஐந்தாவது மாடி. நல்ல வீடு, நல்ல காற்று. பால்கனியில் நின்றால் பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர், அதற்கு அப்பால் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு துண்டு நிலம், அதையும் தாண்டி ஒரு பள்ளிக்கூட மைதானம். பேரன் படிப்பது அந்தப் பள்ளியில்தான். கண்ணால் அளந்தேன். பத்து செயின், அதாவது இருநூறு மீட்டர் இருக்கும்.

ஆனால் பேரன் வேனில்தான் போகிறான். வேன் கிழக்கு வாசல் வழியாக வெளியேறி, இணைப்புச் சாலையில் போய், பெரிய சாலையில் ஏறி, யூ-டர்ன் அடித்து, இன்னொரு இணைப்புச் சாலையில் இறங்கி உள்ளே வருகிறது. மாப்பிள்ளை வண்டியின் மீட்டரில் பார்த்திருக்கிறார், மூன்றரைக் கிலோமீட்டர். காலை நெரிசலில் முப்பது நிமிஷத்துக்கு மேல் ஆகுமாம்.

"தாத்தா, நான் லீவு போட்ட அன்னைக்கு ஸ்கூல்ல பெல் அடிக்கிறது இங்க கேக்கும்" என்றான் பேரன்.

கூப்பிடு தூரம் என்று ஊரில் சொல்வோமே, அதுதான். கூப்பிட்டால் கேட்கும், போகத்தான் வழியில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள்: ஜார்ஜ் டவுன்

இன்று முழுக்க பாரிமுனையும் அதற்கு வடக்கேயும். கால் வலிக்கிறது, மனசு நிறைந்திருக்கிறது.

என்.எஸ்.சி. போஸ் சாலை தொடங்கும் முனையில், டேர் ஹவுஸ் ஓரம் ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. 1773-இல் நட்ட எல்லைத் தூண். மொத்தம் பதின்மூன்று நட்டார்கள், மிஞ்சியது இந்த ஒன்று. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1749-இல் ஆங்கிலேயர் கைக்குத் திரும்ப வந்ததும், கோட்டையை ஒட்டி இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் போர்ச் சமயத்தில் ஆபத்து என்று தரைமட்டமாக்கினார்கள். பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும், இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்பதற்கு அடையாளம்தான் தூண்கள். இப்போது உயர்நீதிமன்றம் இருப்பது அந்த வெட்டவெளியில். எல்லைக்கல் நட்டே பிழைத்தவன் என்பதால் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றேன்.

தூணுக்கு வடக்கே இருக்கிறதே முத்தியால்பேட்டை, அதற்கு மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை, இரண்டும் சேர்ந்ததுதான் ஜார்ஜ் டவுன். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளமும் வாய்க்காலும் ஓடின. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் போப்பம் என்ற வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தை மேடாக்கித் தெருவாக்கினார். அதுதான் பிராட்வே, இப்போது பிரகாசம் சாலை. இரண்டு பேட்டைகளைப் பிரித்த பள்ளமே அவற்றைச் சேர்க்கும் தெருவாகிவிட்டது.

லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு எல்லாம் வடக்கு தெற்காக ஒன்றுக்கொன்று பக்கத்தில் ஓடுகின்றன. குறுக்கே சின்னச் சின்னத் தெருக்கள். நூறு அடி நடந்தால் ஒரு திருப்பம் வந்துவிடுகிறது. ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோடவுன் தெருவில் ஜவுளி, நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் மருத்துவச் சாமானும். வெயில், கூட்டம், ஹாரன் சத்தம் எதற்கும் குறைவில்லை.

காகிதக் கடைகள் பக்கம் ஒரு காட்சி. மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றில் காகித ரீம்களைத் தலைக்கு மேல் அடுக்கி ஒருவர் ஓட்டி வருகிறார். எதிரே ஒரு லாரி பின்கதவைத் திறந்து சரக்கு இறக்குகிறது. தெரு முழுக்க அடைத்துக்கொண்டது. அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. வண்டியை அரைவட்டம் ஒடித்து, இரண்டு ஆள் தோளோடு தோள் உரசிப் போகிற மாதிரியான ஒரு சந்துக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன். சந்து இன்னொரு தெருவில் போய்த் திறந்தது, அங்கிருந்து இடதுபுறம் திரும்பி, லாரிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டார். மொத்தம் இரண்டு நிமிஷம். "ஒண்ணு அடைச்சா ஒண்ணு இருக்குங்க இங்க" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

இருநூற்றைம்பது வருஷமாக இந்தத் தெருக்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும் போட்ட தெருக்கள். காய்கறிக்குப் பேர்போன கொத்தவால் சாவடிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, பஸ் ஸ்டாண்ட் போய்விட்டது. கட்டடங்கள் எத்தனையோ முறை இடிந்து எழுந்துவிட்டன. தெருக்கோடு மாறவில்லை.

நம் மொழியில் இதற்கு எவ்வளவு கச்சிதமான சொற்கள் இருக்கின்றன பாருங்கள். நாற்சந்தி, முச்சந்தி, முட்டுச்சந்து. நான்கு வழி கூடுவது, மூன்று வழி கூடுவது, ஒரே வழியாகப் போய் முட்டி நிற்பது. ஒரு ஊரின் தெருக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று அளக்க இன்றைய ஆய்வாளர்களும் இதைத்தான் எண்ணுகிறார்கள், ஒவ்வொரு முனையிலும் எத்தனை தெரு கூடுகிறது என்று. நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன். ஜார்ஜ் டவுனில் முதல் இரண்டு கட்டமும் கோடுகளால் நிறைந்தன.

மூன்றாம் நாள்: மாம்பலம், தி.நகர், அண்ணா நகர்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு. ஏரியைக் காணோம். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. அங்கும் ஏரியைக் காணோம். நீண்ட ஏரி ஒன்று இந்தப் பக்கம் முழுக்க வளைந்து கிடந்தது. 1920-களில் அதை வடித்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். 1920-இல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு பெரிய அளவில் திட்டம் போட்டு எழுப்பிய பகுதி இது. ஏரியை இழந்தது சரியா என்று கேட்டால் சரி என்று என்னால் சொல்ல முடியாது, தண்ணீர் அதன் இடத்தைத் தேடி வருவதை ஒவ்வொரு மழையிலும் பார்க்கிறோம். தெருவை மட்டும் பற்றிப் பேசினால், போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பனகல் பூங்கா நடுவில். உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை, தியாகராய சாலை எல்லாம் அதை நோக்கி வருகின்றன. இவற்றுக்கு நடுவே வீட்டுத் தெருக்கள் ஒன்றோடொன்று கோத்தபடி. தோட்டத்தோடு கூடிய பங்களாக்களுக்குப் போட்ட தெரு, இன்று தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் பாதிக்கு நகையும் புடவையும் விற்கிறது. பத்து மாடிக் கடை வந்தது, மேம்பாலம் வந்தது, பாண்டி பஜாரில் 2019-இல் நடப்பதற்கென்றே அகல நடைபாதை போட்டார்கள். இத்தனையையும் அந்தத் தெருக்கள் தாங்கியதற்குக் காரணம், ஒரு கடைக்குப் போக நான்கு வழி இருக்கிறது.

ரயில் பாதைதான் இங்கே சுவர். தண்டவாளத்துக்கு மேற்கே மேற்கு மாம்பலம், கிழக்கே தி.நகர். துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை இரண்டும் இல்லாவிட்டால் வண்டிகள் எங்கே போகும்? 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை கட்டினார்கள். அதில் ஏறி நடந்தேன். ஒரு அம்மா ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தூங்கும் குழந்தையுமாகச் சாவதானமாகப் போனார். கீழே ரங்கநாதன் தெருவில் அந்த நேரத்தில் அப்படி நடக்க முடியுமா?

சாயங்காலம் அண்ணா நகர். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம், கோபுரப் பூங்கா அதன் மிச்சம். முள்ளம், நடுவாங்கரை என்று கிராமங்களாக இருந்த நிலத்தை வீட்டு வசதி வாரியம் மொத்தமாகக் கையகப்படுத்தி, கோடு போட்டு, அவென்யூ, மெயின் ரோடு என்று எண் கொடுத்தது. யாரையும் கேட்காமல் விலாசம் கண்டுபிடித்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேண்டும். இங்கே ஒரே கை, ஒரே நேரத்தில், முதலில் தெருவை வரைந்தது. வீடு அப்புறம்தான் வந்தது.

நான்காம் நாள்: மடிப்பாக்கம்

என் தொழிலுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்ட நாள்.

வேளச்சேரியில் இறங்கி, தெற்கே மடிப்பாக்கத்துக்குள் நுழைந்தேன். ராம் நகர், குபேரன் நகர், சதாசிவம் நகர் என்று நகர்கள். ஒவ்வொரு நகருக்குள்ளும் முதல் தெரு, இரண்டாம் தெரு, குறுக்குத் தெரு என்று வரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரு நகர் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில்தான் சிக்கல். இந்தப் பக்கத்துத் தெரு நேராக வந்து ஒரு வீட்டின் சுவரில் முட்டுகிறது. அந்த வீட்டுக்குப் பின்னால், பதினைந்தடி தள்ளி, அடுத்த நகரின் தெரு தொடங்குகிறது. இரண்டையும் சேர்க்க வழியில்லை. முட்டிய இடத்தில் தெருக்குத்துக்குப் பரிகாரமாகச் சுவரில் மாடம் வைத்து ஒரு பிள்ளையார். தினம் யாரோ செம்பருத்தி சாத்துகிறார்கள் போல, நான் போனபோதும் புதிதாக ஒன்று இருந்தது. நோட்டில் மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டுப் போட்டு இடம் போதவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட நிலங்களை நானே அளந்து கல் நட்டிருக்கிறேன். வயல் காலத்தில் ஒரு புல எண்ணின், அதாவது சர்வே நம்பரின், எல்லை வரப்பையும் வாய்க்காலையும் ஒட்டி வளைந்து போகும். ஒருவர் இரண்டு புல எண்களை வாங்கி லே-அவுட் போடுவார். அவர் நிலத்துக்குள் எத்தனை மனை அதிகமாக எடுக்கலாம் என்றுதான் கோடு விழும். பக்கத்து நிலம் அப்போது நெல் விளையும் வயல், அங்கே தெரு வரும் என்று யார் நினைத்தது? ஐந்து வருஷம் கழித்து அந்த நிலத்துக்காரர் தன் மனை லாபத்துக்கு ஏற்றபடி கோடு போடுவார். இரண்டு தெருவும் சந்திக்காது. விதிப்படி லே-அவுட் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிடுவார்கள், அதனால் அவை பொதுச் சாலைதான். ஆனால் பொதுச் சாலை இரண்டு, நடுவே ஒரு தனியார் சுவர். அப்புறம் வரும் மாநகராட்சி என்ன செய்ய முடியும், குடியிருக்கும் வீட்டை இடிக்கவா முடியும்?

சென்னை மாநகராட்சியின் எல்லை 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. மடிப்பாக்கம் அப்போதுதான் உள்ளே வந்தது. எல்லை வருவதற்கு வெகுநாள் முன்பே தெருக்கள் விழுந்துவிட்டன.

வழி தெரியாமல் நின்ற ஒரு முனையில், வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தெருவின் ஒரே வாய் முதலில் மூழ்கியதாம். "பின்னாடி தெரு மேடு, அங்க தண்ணியே இல்ல. ஆனா அங்க போக சுவர் ஏறிக் குதிக்கணும். எங்க மாமியாரை நாலு பேரு சேந்து ஏணி வச்சுத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினாங்க" என்றார். பேசும்போது கீரைக் காம்பை அவர் கை கிள்ளிக்கொண்டே இருந்தது. நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். ஆறடி இருக்கும். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது.

ராத்திரி மாப்பிள்ளை ஒரு ஆய்வைத் தேடி எடுத்துப் படித்துச் சொன்னார். கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இருவர் 2015-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் 1920 முதல் 2012 வரை போட்ட தெருக்களின் இணைப்பை அளந்திருக்கிறார்கள். அங்கே தெருக்கள் துண்டு துண்டாகப் போனது கார் எல்லார் கைக்கும் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டதாம். 1994 வாக்கில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு புதுத் தெருக்கள் மறுபடி ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருக்கின்றன. முனைக்கு எத்தனை தெரு கூடுகிறது என்ற கணக்கில் பார்த்தால் 2012-க்குள் சுமார் 9 சதவீதம் நிலைமை மீண்டிருக்கிறது. தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட வேண்டும் என்று விதி வைத்த ஊர்களில்தான் முன்னேற்றம் அதிகமாம். ஆனால் 2020-இல் அவர்கள் உலகம் முழுவதற்கும் செய்த கணக்கு, பல நாடுகளில் புதுத் தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வருவதைக் காட்டுகிறது. அமெரிக்கர்கள் செய்த தப்பை அவர்களே திருத்திக்கொண்டிருக்கும்போது நாம் ஆசையோடு அதை வாங்கிக்கொள்கிறோம்.

அந்த ஆய்வில் எனக்கு உறுத்திய விஷயம் இதுதான்: முதலில் துண்டாகப் போட்ட இடம், சுற்றிலும் ஊர் வளர்ந்த பிறகும் பெரும்பாலும் துண்டாகவே இருந்துவிடுகிறது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவின் ஓரத்தில் நூறு பட்டா இருக்கும், நூறு குடும்பம் இருக்கும். அதை யார் அசைக்க முடியும்?

ஐந்தாம் நாள்: பழைய மகாபலிபுரம் சாலை

மத்திய கைலாஷிலிருந்து தெற்கே, கொஞ்சம் பஸ்ஸில், கொஞ்சம் நடையில்.

2000-இல் டைடல் பார்க் என்ற ஐ.டி. பூங்காவைத் திறந்த பிறகு இந்தச் சாலையின் தலையெழுத்தே மாறியது. ஆறு வழிச் சாலை, இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் மெட்ரோவுக்கு எழும்பும் தூண்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கிறது. நடுவே ஒரு முதுகெலும்பு, இருபுறமும் முள் முள்ளாக இணைப்புச் சாலைகள். கிழக்கே போகிறவை பக்கிங்காம் கால்வாயில் முட்டுகின்றன, மேற்கே போகிறவை சதுப்பு நிலத்திலோ ஏரியிலோ காம்பவுண்டுச் சுவரிலோ. பக்கத்து முள்ளுக்குப் போக வேண்டும் என்றால் முதுகெலும்புக்கு வந்துதான் போக வேண்டும். பால் வாங்கப் போகிறவரும், அமெரிக்கக் கம்பெனியில் வேலைக்குப் போகிறவரும், தண்ணீர் லாரியும், ஆம்புலன்சும் அந்த ஒரே சாலையில்.

கால்வாயும் சதுப்பும் இயற்கையும் வரலாறும் கொடுத்தவை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் மேல் இனி ஒரு கல்லும் விழக்கூடாது. கால்வாயின் ஒரு பகுதியை 1870-களின் தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வெட்டியே எத்தனையோ குடும்பங்கள் உயிர் பிழைத்தன. அதன் மேல் பாலம் போடலாம், போட வேண்டும். கால்வாய்க் கரையில் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளின் மொட்டை மாடியில் உலரும் துணி தெரிகிறது. நமக்கு வழியை அடைப்பவற்றில் பெரும்பகுதி நாமே எழுப்பிய சுவர்தான். பழைய லே-அவுட்டிலாவது சாலை பொதுவாகிவிடும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்சாலை அந்தக் குடியிருப்புக்கே சொந்தம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக எழுதித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஊடே ஒரு வழி விட வேண்டும் என்று அதே கண்டிப்போடு கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றேன். கூவம் கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். முன்பு மயிலாப்பூர்ப் பக்கம் குடியிருந்தாராம். "அங்க இருக்கசொல்ல நாலு வீடு வேலை பாப்பேன் சார். சந்து சந்தா பூந்து நடந்தே பூடுவேன். இப்ப ரெண்டு வீடுதான். மீதி நேரம் பஸ்ல போவுது." பஸ் வந்தது. நிற்க இடமில்லை, அவர் படியில் தொற்றிக்கொண்டார்.

மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றி நான்கு மாட வீதி, அவற்றிலிருந்து கிளைக்கும் எண்ணற்ற சந்துகள். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சந்துகள்தான் சொத்தாக இருந்திருக்கின்றன. மாற்று வீடு கொடுத்தபோது அதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி அறிவித்தார்கள். ஐந்து மடங்கு. அதில் இன்னும் வயலாகவும் தரிசாகவும் இருப்பதுதான் அதிகம். அகமதாபாத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பகுதியின் நிலக்காரர்கள் எல்லாரிடமும் ஒவ்வொரு பங்கு எடுத்து, முதலில் சாலையைப் போட்டுவிட்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக அவரவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். 76 கிலோமீட்டர் சுற்றுச் சாலைக்கே அப்படி நிலம் சேர்த்தார்கள். நம்மிடமும் 1920-இலேயே சட்டம் இருந்தது, தி.நகர் சாட்சி. அளக்க ஆள் இருக்கிறார்கள், புலப்படம் இருக்கிறது. வீடு வருவதற்கு முன்னால் செய்தால் ஒரு குடும்பத்தையும் அசைக்க வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், படிக்கிறவர்களில் இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால்.

சாயங்காலம் குடியிருப்புச் சங்கத்துப் பொறுப்பாளர் ஒருவரிடம் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு வைக்கலாமே என்று கேட்டேன். மரியாதையாகப் பேசினார். "அங்கிள், அந்தப் பக்கம் புதர். யார் வருவாங்க, போவாங்கன்னு தெரியாது. குழந்தைகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" அவர் பயம் பொய் இல்லை. பள்ளி நேரத்தில் மட்டும் திறந்து ஒரு காவலாளியை நிறுத்தலாம் என்றேன். கூட்டத்தில் பேசுகிறேன் என்றார்.

இந்த வரியை எழுதும்போது ராத்திரி மணி பதினொன்று. பழக்க தோஷத்தில் இணையத்தில் அந்த நிலத்தின் புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள அந்தத் துண்டில், இரண்டு இணைகோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் 'வண்டிப்பாதை'.

ஆறாம் நாள்: வண்டிப்பாதை

சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. பேரனைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் சுற்றிப் பள்ளி வாசலுக்குப் போனேன். மதில் ஓரமாகப் பின்னால் நடந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் கருவேலம் புதர்தான். உள்ளே குனிந்து நுழைந்ததும் தரை கெட்டியாக, சற்று மேடாக இருந்தது. மாடும் வண்டியும் தலைமுறை தலைமுறையாக மிதித்த தரை அப்படித்தான் இருக்கும்.

புலப்படத்தில் கல் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் போட்டு, ஒரு குச்சியால் கிளறச் சொன்னேன். மூன்றாவது இடத்தில் 'டக்' என்றது. பேரன் கையாலேயே மண்ணைத் தள்ளினான். சர்வே கல். தலையில் உளி வெட்டு அப்படியே இருக்கிறது. எதிர்ப்பக்கத்துக் கல்லையும் கண்டுபிடித்தோம். டேப் போட்டேன். நான்கு மீட்டர், புலப்படத்தில் இருப்பது போலவே. இதை யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கிராமத்து ஆட்கள் கழனிக்குப் போன வழி, இன்றைக்கும் அரசாங்கப் புறம்போக்கு.

"அப்போ இது ரோடா தாத்தா?"

"ரோடுதான். உங்க அபார்ட்மென்ட்டுக்கும் முந்தி, ஸ்கூலுக்கும் முந்தி."

அவன் முன்னால் ஓடினான். முள் கீறியதைக்கூடக் கவனிக்கவில்லை. சுவர் வந்ததும் நின்று, அண்ணாந்து ஐந்தாவது மாடியைப் பார்த்து இரண்டு கையையும் வாயருகே குவித்து "அம்மா" என்று கத்தினான்.

மகள் பால்கனிக்கு வந்தாள். எங்கிருந்து குரல் வருகிறது என்று முதலில் புரியவில்லை, மைதானத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் கீழே எங்களைக் கண்டாள். "டேய், எப்படிடா அங்க போன? அப்பா, வெயில்ல ஏம்ப்பா அவனைக் கூட்டிட்டுப் போனீங்க? இருங்க, தண்ணி எடுத்துட்டு வர்றேன்."

லிஃப்டில் இறங்கி, கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி அவள் வரும் செருப்புச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. சுவரின் அடியில், மழைநீர் வெளியேற விட்டிருந்த ஓட்டை வழியாக ஒரு தண்ணீர் பாட்டில் நீண்டது, அதைப் பிடித்த வளையல் கையோடு. பேரன் மண்ணில் மண்டியிட்டு அதை வாங்கிக்கொண்டான்.